ஒரு மீட்டர் நடைக்கு எவ்வளவு செலவு?

எம்.எஸ். என்றால் நம்மவர்களுக்குச் சுப்புலட்சுமி அம்மாள்தான். 2004-ல் என் மனைவிக்கு வந்திருப்பது எம்.எஸ். என்று டாக்டர் சொன்னபோது, "நல்ல பேராத்தான் வந்திருக்கு" என்று அவளே சிரித்தாள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்பது அதன் விரிவு. மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளைச் சுற்றி, மின்கம்பியின் மேலுறை போல, மயலின் என்னும் கொழுப்புறை இருக்கிறது. உடம்பின் நோய் எதிர்ப்புப் படையே அந்த உறையைத் தாக்கி அரித்துவிடுகிறது. உறை போன இடத்தில் செய்தி தாமதப்படும்; சில சமயம் நின்றே போகும். 1868-ல் பாரிஸில் ஷார்கோ என்ற மருத்துவர் இதைத் தனி நோயாக விவரித்தார். நான் எழுத வந்தது நடையைப் பற்றி மட்டும். அதையும் நான் போட்ட ஒரு தப்புக் கணக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அப்போது டெல்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து மார்க்கெட் 300 மீட்டர். அவள் மெதுவாகத்தான் நடப்பாள். நான் முன்னால் போய் நின்று காத்திருப்பேன். வீடு திரும்பியதும் இரண்டு மணி நேரம் படுத்துவிடுவாள். "இந்த ஆமை நடைக்கே இவ்வளவு அசதியா?" என்று நான் கேட்டதுண்டு. மெதுவாக நடந்தால் செலவு குறைவு என்பது என் எண்ணம். மத்திய அரசுப் பணியில் முப்பது வருஷம் எஸ்டிமேட் போட்டவன் நான். ஆனால் இந்த எஸ்டிமேட் சுத்தமாகத் தப்பு.

ஸ்கூட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிஷத்துக்கு எவ்வளவு பெட்ரோல் எரிகிறது என்று நாம் கேட்பதில்லை. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்றுதான் கேட்கிறோம். நடைக்கும் அதே மைலேஜ் உண்டு. மூச்சில் உள்ளே போகும் ஆக்ஸிஜனை முகமூடி மாட்டி அளந்து, நடந்த தூரத்தால் வகுத்தால் ஒரு மீட்டரின் விலை கிடைக்கும்.

நல்ல நடை ஓர் ஊசல். ஊன்றிய காலின்மேல் உடம்பு எழும்பி மறுபக்கம் இறங்கும்போது, எழும்பியதில் சேர்ந்த சக்தி முன்னே தள்ளும் வேகமாக மாறுகிறது. மணிக்கு நாலரை, ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் இந்த மிச்சம் நன்றாகக் கைகொடுக்கும். அதைவிட மிகவும் குறைத்தால் ஊசல் சரியாக ஆடாது, யாருக்குமே மீட்டருக்கான செலவு ஏறும். கோவில் தர்ம தரிசன வரிசையில் ஊர்ந்து பாருங்க, திடகாத்திரமான காலும் கடுக்கும்.

எம்.எஸ். வந்தவருக்கு இதற்கு மேலும் சுமை. தசை இறுகி முழங்கால் மடங்க மறுக்கும். பாதம் தொங்கி விரல்நுனி தரையில் உரசும். அதைத் தவிர்க்க இடுப்பைத் தூக்கி, காலை அரைவட்டமாக வீசி வைக்க வேண்டும். விழுந்துவிடாமல் இருக்க முன்தசையும் பின்தசையும் ஒரே நேரத்தில் இறுகி ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும். பிரேக்கை மிதித்துக்கொண்டே ஆக்ஸிலரேட்டரை முறுக்குவது மாதிரி.

புரிவதற்காக ஒரு கணக்கு. நிமிஷத்துக்கு 80 மீட்டர் நடக்கும் ஒருவர், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நிமிஷத்துக்கு 12 மில்லிலிட்டர் ஆக்ஸிஜன் செலவழிக்கிறார் என்று கொள்வோம். மீட்டருக்கு 0.15. நோயாளியும் அதே 12-ஐச் செலவழித்து 40 மீட்டர்தான் போகிறார் என்றால் மீட்டருக்கு 0.30. என் மனைவியின் 300 மீட்டர் எனக்கு 600. அதோடு முடியவில்லை. என் உச்சத் திறன் 36 என்றால் 12 என்பது அதில் மூன்றில் ஒரு பங்கு. நடமாட்டம் குறைந்து அவளுடைய உச்சம் 20-க்கு இறங்கியிருந்தால் அது அறுபது சதவீதம். நான் உலாவும் தெருவில் அவள் மலை ஏறிக்கொண்டிருந்தாள். எல்லா அசதிக்கும் இதுவே காரணம் என்று சொல்லமாட்டேன். உட்கார்ந்திருக்கும்போதே வரும் எம்.எஸ். களைப்பு நரம்பு மண்டலத்திலிருந்தே எழுவது, அது வேறு.

2011-ல் ஊருக்குக் கிளம்பியபோது புது டெல்லி ஸ்டேஷனில் சக்கர நாற்காலி கேட்டேன். அவள் எழுந்து இரண்டு அடி வைத்ததைப் பார்த்த ஒருவர், "நல்லாத்தானே நடக்கிறாங்க?" என்றார், தமிழிலேயே. பத்து அடியைப் பார்த்து மைலேஜ் சொல்ல முடியாது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நோயைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அதை அன்று அந்த மனிதரிடம் காட்ட வாய்ப்பில்லை.

டெல்லியின் மே, ஜூன் தனிக் கதை. 1890-ல் ஊட்ஹாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர், இத்தகைய நோயாளிகளுக்கு உழைப்புக்குப் பின் பார்வை மங்குவதைக் கவனித்து எழுதினார். உடல் சூடு சிறிது ஏறினாலே உறை போன நரம்பில் செய்தி தடுமாறும். குளிர்ந்ததும் சரியாகிவிடும், நிலையான சேதம் இல்லை. எனவே விடியற்காலையில் நடக்கிறோம், கழுத்தில் ஈரத்துண்டு, புறப்படும் முன் குளிர்ந்த தண்ணீர்.

முன்பெல்லாம் "உடம்பை அலட்டிக்காதீங்க" என்றுதான் மருத்துவர்கள் சொல்வார்கள். 1996-ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் 15 வாரப் பயிற்சி கொடுத்துப் பார்த்ததில் நோயாளிகளின் உச்சத் திறன் உயர்ந்தது. அதாவது அந்த 20-ஐக் கொஞ்சம் ஏற்றலாம். பாதத்தைத் தாங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் பட்டை, இறுக்கம் தளர்த்தும் பாக்லோஃபென் மாத்திரை எல்லாம் மருத்துவர் பார்த்துத் தருபவை. மாத்திரை இறுக்கத்தை அதிகம் தளர்த்தினால் சிலருக்குக் காலே தொய்ந்துவிடும். அந்த விறைப்பிலேதான் அவர்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள்.

கைத்தடிக்குத்தான் வீட்டில் பெரிய போராட்டம். "கிழவியாட்டம் என்னைத் தடி ஊன்றச் சொல்றீங்களா?" என்று இரண்டு வருஷம் தள்ளிப்போட்டாள். கடைசியில் அவளே போய்ப் பூப்போட்டதாக ஒன்று வாங்கி வந்தாள்.

ஓய்வுபெற்று துவாரகாவுக்கு வந்துவிட்டோம். இங்கும் மார்க்கெட் ஏறக்குறைய அதே தூரம். பாதி வழியில் வேப்பமரத்தடியில் இஸ்திரி போடுபவர் ஒரு ஸ்டூல் வைத்திருக்கிறார். எங்களைக் கண்டதும் அதன்மேல் இருக்கும் துணிமூட்டையை இறக்கிவிடுவார். அவள் ஐந்து நிமிஷம் உட்காருவாள், நானும் பக்கத்திலேயே நிற்பேன். முன்னால் போவதில்லை.