சுமை ஏறியவுடன் நின்றுவிடும் புல்வெட்டும் எஞ்சின்

பண்ணைகளிலும் சாலையோரங்களிலும் பள்ளித் தோட்டங்களிலும் புல்லையும் களையையும் அகற்றுவதற்கு, பிரஷ் கட்டர் எனப்படும் கருவி இந்நாளில் பெரிதும் பயன்படுகிறது. நீண்ட குழாயின் ஒரு முனையில் சிறு பெட்ரோல் எஞ்சினும், மறுமுனையில் சுழலும் நைலான் இழையும் இதில் அமைந்துள்ளன. சில வேளைகளில் எஞ்சின் எளிதில் கிளம்பி, சுமையின்றி நன்கு ஓடியபோதிலும், இழை புல்லில் பட்டவுடன் வலுவிழந்து நின்றுவிடுகிறது. அவ்வேளையில் கார்புரேட்டரின் திருகைத் திருப்பிப் பார்ப்பது பலரது வழக்கம். இவ்வழக்கம் எஞ்சினையே பாழாக்கக்கூடும்.

இக்கருவிகளுள் பெரும்பாலானவற்றில் உள்ளது டூ ஸ்ட்ரோக் எஞ்சினாகும். பெட்ரோலுடன் கலந்த எண்ணெயே இதில் பிஸ்டனுக்கும் பேரிங்குகளுக்கும் மசகாகிறது. ஆகவே எரிபொருள் குறையுமாயின் வலுவுடன் மசகும் குறையும். உஷ்ணம் மிகுந்து பிஸ்டன் சிலிண்டரில் இறுகிவிடும். திருகைத் தவறான பக்கம் திருப்புவதன் விளைவும் இதுவே. எனவே எளிய காரணங்களை முதலில், ஒவ்வொன்றாகச் சோதித்தல் வேண்டும்.

சோதனைக்கு முன்

எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, ஸ்பார்க் பிளக்கின் கம்பியைக் கழற்றிய பின்னரே எப்பாகத்தையும் தொடவேண்டும். அருகில் நெருப்பு இருத்தலாகாது.

சுமை

சுழலும் தலையில் புல் சுற்றிக்கொண்டிருந்தால் அதனை நீக்குக. காப்புத் தகட்டிலுள்ள சிறு கத்தி, இழையை உரிய நீளத்தில் நறுக்குவதற்கானது. அது கழன்றிருப்பின் இழை நீண்டு, எஞ்சினின் மீது சுமை மிகும்.

எரிபொருள்

டாங்கின் மூடியை மெல்லத் திறக்கையில் காற்று உள்ளே புகும் ஒலி கேட்குமாயின், காற்றுத்துளை அடைபட்டுள்ளது என அறியலாம். டாங்கினுள் குழாய் முனையிலுள்ள வடிகட்டி அழுக்கேறியிருப்பின் புதிது மாற்றுக. வெடித்த குழாயையும் மாற்றவேண்டும்.

பெட்ரோலின் தன்மையும் கவனிக்கத்தக்கது. நம் நாட்டில் 20 சதவீத எதனால் கலந்த பெட்ரோல் 2023-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அறிமுகமாயிற்று. எதனால் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. நீர் மிகுந்தால் அதுவும் எதனாலும் சேர்ந்து டாங்கின் அடியில் தனியாகப் பிரியும். எண்ணெயோ பெரும்பாலும் மேலுள்ள பெட்ரோலிலேயே தங்கும். வடிகட்டி அடியில் கிடப்பதால், எஞ்சின் மசகற்ற திரவத்தை உறிஞ்சுகிறது. பல தயாரிப்பாளர்கள் 10 சதவீத எதனால் வரையே அனுமதிக்கின்றனர் என்பதால், கையேட்டைப் பார்த்தல் அவசியம். பல வாரங்கள் கிடந்த கலவையை அகற்றிப் புதிது ஊற்றவேண்டும். 50-க்கு 1 என்ற விகிதமாயின், லிட்டருக்கு 20 மில்லி எண்ணெய் தேவை.

காற்று

ஸ்பாஞ்சாலான காற்று வடிகட்டியைச் சோப்பு நீரில் கழுவி, நன்கு உலர்த்திப் பொருத்துக. இதன் பின்னரும் குறை நீடித்தால், கம்பியை மீண்டும் இணைத்து எஞ்சினைக் கிளப்பி, ஓடும்போது சோக்கைச் சிறிது மூடிப் பார்க்கலாம். எஞ்சின் வலுப்பெற்றால் எரிபொருள் போதவில்லை. மேலும் திணறினால் எரிபொருள் மிகையாகவோ காற்று குறைவாகவோ உள்ளது.

பொறியும் புகைவழியும்

ஸ்பார்க் பிளக்கின் முனை இளம் பழுப்பாயிருத்தல் நலம். கறுத்து ஈரமாயிருப்பின் எண்ணெயோ எரிபொருளோ மிகுந்துள்ளது. வெளுத்திருப்பின் எரிபொருள் குறைவு. அக்கருவியை மேலும் ஓட்டலாகாது. முனைகளின் இடைவெளி பொதுவாக 0.6 முதல் 0.7 மில்லிமீட்டராகும். சைலன்சரிலுள்ள கம்பிவலை கரியால் அடைபட்டால் புகை வெளியேறாது, எஞ்சின் திணறும். அதனைக் கழற்றித் தூரிகையால் துலக்குக.

இவையனைத்தும் சரியாயிருந்தும் எஞ்சின் நிற்குமாயின், கார்புரேட்டரின் சவ்வு விறைத்திருக்கலாம்; பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கலாம். அப்போது கருவியைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் ஒப்படைத்தலே முறை. திருகைச் சரிசெய்வதும் அவர் பணியே.

இரண்டு மாற்றங்களை ஒருங்கே செய்பவர், குறை எதனால் நீங்கிற்று என்பதை அறியார். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் என்னும் இவ்விதியை மாணவர்க்கு விளக்க, பள்ளித் தோட்டத்தில் நின்றுபோன எஞ்சினும் ஏற்றதொரு பாடப்பொருளாகும்.