மாலை ஐந்து மணிக்குப் போய்ப் பார்க்க வேண்டிய இல்லம்

டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் ஒரு தனி நோயின் பெயர் அல்ல. நினைவு, பேச்சு, முடிவெடுக்கும் திறன், நடத்தை ஆகியவற்றைப் படிப்படியாகக் குலைக்கும் பல மூளை நோய்களுக்கு அது பொதுப்பெயர். இந்நோய் உள்ளவர்களில் 60 முதல் 70 சதவீதம் பேருக்கு இருப்பது அல்சைமர் வகை. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, இந்நோய் இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. இவர்களில் பெரும்பாலோர் வீட்டில்தான் இருக்கிறார்கள். மனைவியோ மகளோ மருமகளோ பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு கட்டத்துக்கு மேல் அது முடியாமல் போகும்போதுதான் மறதி நோயாளிகளுக்கென்றே நடத்தப்படும் பராமரிப்பு இல்லங்களைக் குடும்பங்கள் தேடத் தொடங்குகின்றன.

எந்தக் கட்டம் என்பதை நோயின் பெயரோ மறதியின் அளவோ மட்டும் காட்டித் தந்துவிடாது. நோயாளி இரவெல்லாம் உறங்காமல் வாசற்கதவைத் திறந்துகொண்டு வெளியேறுகிறார். கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டு மறந்துபோகிறார். குளிக்க அழைத்தால் அடிக்கிறார். அவரைப் பார்த்துக்கொள்பவருக்கே எழுபது வயதைத் தாண்டியிருக்கிறது, சர்க்கரையும் முழங்கால் வலியும் இருக்கின்றன. இவை ஒன்றுசேரும் வீட்டில் இருவரின் உயிருக்கும் ஆபத்து உண்டு. பெற்ற தாயைக் கொண்டுபோய் விட்டுவிட்டான் என்ற ஊர்ப்பேச்சுக்கு அஞ்சிக் காலம் கடத்தும் குடும்பங்கள், பார்த்துக்கொள்பவர் படுக்கையில் விழுந்த பிறகு அவசரமாக ஓர் இல்லத்தைப் பிடிக்கின்றன. அவசரத்தில் எடுக்கும் முடிவில் விசாரணைக்கு இடமிருப்பதில்லை. நோய் நடுக்கட்டத்தில் இருக்கும்போதே இரண்டு மூன்று இடங்களைப் பார்த்து வைப்பது பழிக்குரிய செயல் அல்ல, பொறுப்பான செயல்.

இல்லத்துக்கு முன்னால் வேறு வழிகளும் உண்டு. பகல் நேரப் பராமரிப்பு மையம், வீட்டுக்கு வந்து பார்க்கும் அட்டெண்டர், சில வாரங்களுக்கு மட்டுமான தற்காலிகத் தங்கல் ஆகியவற்றில் ஒன்று போதுமா என்று முதலில் கேட்டுப் பார்க்கலாம். 1992-இல் கேரளத்தில் தொடங்கிய இந்திய அல்சைமர் மற்றும் தொடர்புடைய கோளாறுகள் சங்கத்துக்குப் பல நகரங்களில் கிளைகள் உள்ளன. சென்னையில் மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பு, மறதி நோய்க்கென்று தனிப் பிரிவு நடத்துகிறது. மூத்த குடிமக்களுக்கான தேசிய உதவி எண் 14567. விளம்பரப் பலகையைப் பார்த்துத் தேடுவதைவிட இத்தகைய இடங்களில் விசாரித்துத் தொடங்குவது நல்லது.

சாதாரண முதியோர் இல்லமும் மறதி நோய் இல்லமும் ஒன்றல்ல. தன் பெயரையும் அறையையும் அறிந்த, மணி அடித்தால் சாப்பிட வரும் முதியவரை மனதில் வைத்து அமைந்தது முன்னது. மறதி நோயாளிக்குப் பசிக்கிறது என்று சொல்லத் தெரியாமல் போகலாம். கழிவறை எங்கே என்பது மறந்திருக்கலாம். ஒரு மாடியை மட்டும் பூட்டி வைத்து அதற்கு டிமென்ஷியா பிரிவு என்று பெயர் சூட்டும் இடங்களும் இருக்கின்றன. வேறுபாட்டை அறிய ஒரு கேள்வி உதவும்: நேற்றுவரை அமைதியாக இருந்தவர் இன்று திடீரென்று உளறிக் கத்தினால் என்ன செய்வீர்கள்? சிறுநீர்த் தொற்றோ நிமோனியாவோ மலச்சிக்கலோ இருக்கிறதா என்று பார்ப்போம், டாக்டரை அழைப்போம் என்று சொல்லும் இடத்துக்கு இந்த நோய் தெரியும். நோய் முற்றிவிட்டது, தூங்க மாத்திரை கொடுப்போம் என்று சொல்லும் இடத்துக்குத் தெரியாது. முதியோரின் திடீர்க் குழப்பத்துக்குப் பெரும்பாலும் உடலில் ஒரு காரணம் இருக்கும், அதற்குச் சிகிச்சையும் இருக்கும்.

இல்லத்தைப் பார்க்கப் போகும் நேரம் மிக முக்கியம். காலை பதினொரு மணிக்கு மேலாளர் சுற்றிக் காட்டும்போது எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும். பொழுது சாயும் நேரத்தில் மறதி நோயாளிகள் பலருக்குப் பதற்றம் கூடுகிறது. வீட்டுக்குப் போக வேண்டும் என்று அழுகிறார்கள், நடந்துகொண்டே இருக்கிறார்கள், கதவைத் தட்டுகிறார்கள். பகல் பணியாளர்கள் கிளம்பி இரவுப் பணியாளர்கள் வரும் நேரமும் ஏறக்குறைய அதுவே. முன்னறிவிப்பின்றி மாலை ஐந்து மணிக்குமேல் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் அச்சிட்ட கையேடு சொல்லாதவை கண்ணில் படும். ஒருவர் அழும்போது யாராவது பக்கத்தில் வந்து அமர்கிறார்களா? அம்மா எங்கே என்று கேட்கும் எண்பது வயதுக்காரரிடம், உங்க அம்மா செத்து முப்பது வருஷம் ஆச்சு என்று சொல்கிறார்களா, அல்லது உங்க அம்மா என்ன சமைப்பாங்க என்று பேச்சைத் தொடர்கிறார்களா? தாயின் சாவை ஒவ்வொரு மாலையும் புதிதாகக் கேட்டு ஒருவர் துடிப்பதை அனுமதிக்கும் இல்லத்தில், குளிர்சாதன அறையால் எந்தப் பயனும் இல்லை.

பணியாளர் எத்தனை பேர் என்று கேட்பதோடு நிறுத்தாமல், இரவு இரண்டு மணிக்கு எத்தனை பேர் விழித்திருப்பார்கள் என்று கேட்க வேண்டும். எத்தனை பேர் ஓராண்டுக்கும் மேலாக இங்கே வேலை செய்கிறார்கள் என்பதும் தெரிய வேண்டும். மாதாமாதம் ஆள் மாறும் இடத்தில் நோயாளிக்கு எந்த முகமும் பழகாது. பிராட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டாம் கிட்வுட், மறதி நோயாளியின் நிலையை மூளைச் சேதம் மட்டும் தீர்மானிப்பதில்லை, சுற்றியிருப்போர் அவரை மனிதராக நடத்தும் விதமும் தீர்மானிக்கிறது என்று 1997-இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். அழைக்கும் முறையிலேயே இது தெரிந்துவிடும். நாற்பதாண்டு தலைமையாசிரியையாக இருந்தவரை வா, போ என்பதும், படுக்கை எண்ணால் குறிப்பிடுவதும் சிறிய குறைகள் அல்ல. டீச்சர் என்று கூப்பிட்டால் அவர் நிமிர்ந்து உட்காரக்கூடும்.

தமிழ்நாட்டில் தனியே யோசிக்க வேண்டியது மொழி. பின்னால் கற்ற மொழிகள் முதலில் நழுவி, தாய்மொழி கடைசிவரை தங்குவது இந்த நோயில் பரவலாகக் காணப்படுவது. வாழ்நாள் முழுக்க ஆங்கிலத்தில் அலுவல் பார்த்தவர் தமிழ் மட்டும் பேசலாம். மதுரையின் சௌராஷ்டிரக் குடும்பத்து மூதாட்டி, தெருவில் பேசிய தமிழை விட்டு வீட்டு மொழிக்கே திரும்பலாம்; கோவையில் தெலுங்கு பேசும் வீடுகளுக்கும் ஆம்பூரில் உருது பேசும் வீடுகளுக்கும் இதுவே பொருந்தும். நகரத்து இல்லங்களில் உதவியாளர்கள் பலர் வடகிழக்கிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிறார்கள். அன்பாகப் பார்த்துக்கொள்ளக்கூடியவர்கள்தான். ஆனால் வலிக்குது, ஒண்ணுக்கு வருது என்பதைப் புரிந்துகொள்ள ஒவ்வொரு ஷிஃப்டிலும் நோயாளியின் மொழி தெரிந்தவர் ஒருவராவது இருக்க வேண்டும்.

கட்டடத்தில் பார்க்க வேண்டியவை சில. பளபளக்கும் தரை தண்ணீராகவும், கறுப்பு மிதியடி பள்ளமாகவும் தோன்றுவதால் நோயாளிகள் தயங்கித் தடுமாறுவார்கள். தலைக்குமேல் கொட்டும் ஷவருக்கு அஞ்சுபவர், வாளியும் சொம்பும் வைத்தால் அமைதியாகக் குளிக்கலாம். நடந்துகொண்டே இருப்பவருக்குப் பூட்டிய கதவில் முடியாத ஒரு சுற்றுப்பாதை, முற்றமோ தோட்டமோ, வேண்டும். நெதர்லாந்தின் வேஸ்ப் நகரில் 2009-இல் திறக்கப்பட்ட ஹோகவேய்க் குடியிருப்பு இந்த எண்ணத்தை ஒரு சிற்றூர் அளவுக்கு விரித்துக் காட்டியது. அங்கே நோயாளிகள் கடைக்கும் பூங்காவுக்கும் தாமாகவே போய்வருகிறார்கள். அவ்வளவு இடம் இங்கே கிடைக்காது. நிழலுள்ள ஒரு நடைபாதை கிடைக்கும்.

சாப்பாட்டு நேரத்தையும் இருந்து பார்ப்பது நல்லது. வெள்ளைத் தட்டில் தயிர் சாதம் வைத்தால் பார்வைத் திறன் குறைந்த நோயாளிக்கு உணவே தெரியாது. எவர்சில்வர் தட்டின் பளபளப்பும் சிலரைக் குழப்பும். விழுங்குவதில் சிக்கல் வந்தவருக்கு ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து, நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு வாய் இறங்கியதா என்று பார்த்து அடுத்த வாய் கொடுக்க அரைமணி நேரத்துக்கு மேலாகும். இரண்டு பேர் பதினைந்து பேருக்கு ஊட்டினால் அவசரம்தான் நடக்கும். உணவு மூச்சுக்குழாயில் புகுந்து வரும் நிமோனியா இந்நோயாளிகளின் மரணத்துக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. மாதந்தோறும் எடை பார்த்து எழுதும் வழக்கம் இருந்தால் அந்தப் பதிவேட்டைக் காட்டச் சொல்லலாம்.

மருந்து விஷயத்தில் கூச்சமே கூடாது. நோயாளிகளை அமைதிப்படுத்தக் கொடுக்கப்படும் மனநோய் மருந்துகள் மறதி நோயுள்ள முதியோரின் மரண அபாயத்தைக் கூட்டுவதாக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2005-இல் மிகக் கடுமையான எச்சரிக்கை வெளியிட்டு, 2008-இல் அதைப் பழைய வகை மருந்துகளுக்கும் விரித்தது. லூயி பாடி என்ற வகை மறதி நோய் உள்ளவருக்கு ஹாலோபெரிடால் போன்ற இம்மருந்துகள் உடலை விறைக்கச் செய்து உயிருக்கே உலை வைக்கலாம். இவை ஒருபோதும் கூடாது என்பதில்லை. யார் எழுதிக் கொடுக்கிறார், எந்தக் காரணத்துக்கு, எப்போது நிறுத்திப் பார்ப்பார், குடும்பத்திடம் கேட்பாரா என்பதற்கு விடை வேண்டும். மாலையில் எல்லோரும் தலை தொங்கி உட்கார்ந்திருக்கும் கூடம் அமைதியான கூடம் அல்ல. கையைக் கட்டிவைப்பது உண்டா என்றும் நேராகவே கேட்கலாம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, மனநல நிறுவனங்களில் உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியில்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் ஒப்புதலோடுதான் அதற்கு இடமுண்டு.

பணத்தில் மாதக் கட்டணம் ஒரு பகுதிதான். டயப்பர், பிசியோதெரபி, தனி அட்டெண்டர், மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவு, திரும்பக் கிடைக்கும் முன்பணம் எவ்வளவு என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். மருத்துவக் காப்பீடு பொதுவாக இத்தகைய நீண்டகாலத் தங்கலுக்குப் பணம் தராது. இதைவிடப் பலருக்குத் தெரியாத சிக்கல் ஒன்று உண்டு. நல்ல நினைவோடு இருக்கும்போது எழுதிக் கொடுத்த பவர் பத்திரம், கொடுத்தவர் சிந்தனைத் திறனை இழந்ததும் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவின்படி முடிவுக்கு வந்துவிடுகிறது. அதன்பின் அவர் சொத்திலிருந்து கட்டணம் செலுத்தப் பிள்ளைகள் நீதிமன்றத்தை நாட நேரிடலாம். நோயின் தொடக்கத்திலேயே கூட்டுக் கணக்கை ஏற்பாடு செய்யும் குடும்பம் அந்த அலைச்சலை ஓரளவு குறைக்கலாம்.

ஒப்பந்தத்தில் கவனமாகப் படிக்க வேண்டியது வெளியேற்றும் நிபந்தனை. படுத்த படுக்கையானால் அனுப்பிவிடுவார்களா, அடித்தால் அனுப்பிவிடுவார்களா, கடைசிவரை வைத்திருப்பார்களா? முற்றிய நிலையில் மூக்குக் குழாய் வழி உணவூட்டுவது ஆயுளை நீட்டுவதாகவோ நிமோனியாவைத் தடுப்பதாகவோ சான்றில்லை என்பதால் கையால் ஊட்டுவதையே முதியோர் மருத்துவ அமைப்புகள் பரிந்துரைக்கின்றன. இதில் இல்லத்தின் வழக்கம் என்ன, பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால் முடிவை யாரிடம் கேட்பார்கள் என்பதைச் சேர்க்கும்போதே பேசிக்கொள்வது நல்லது.

சேர்க்கும் நாளில் நோயாளியைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் பணியாளருக்கு அது மருந்துச் சீட்டுக்கு நிகரான உதவி: வீட்டில் கூப்பிடும் பெயர், செய்த வேலை, பிடித்த பாட்டு, பயம், தூங்கும் வழக்கம். மில்லில் காலை ஷிஃப்ட் பார்த்தவர் நான்கு மணிக்கு எழுந்தால் அது நோயின் அறிகுறியாக இருக்க வேண்டியதில்லை. பழைய போர்வை, டிரான்சிஸ்டர், பூஜை அறைப் படம் கூடவே போகலாம். முதல் சில வாரங்கள் குழப்பம் கூடும். பலர் மெல்லப் பழகிக்கொள்கிறார்கள். அந்த நாட்களில் உறவினர் வரவே கூடாது என்று தடுக்கும் இல்லத்திடம் காரணம் கேட்க வேண்டும். முதல் மூன்று மாதங்கள் வெவ்வேறு நேரங்களில் போய் எடை, தோலில் கன்றிய தடம், புதிதாகச் சேர்ந்த மாத்திரை ஆகியவற்றைப் பார்த்துவந்தால், அங்கேயே வைத்திருப்பதா வேறிடம் தேடுவதா என்பது தெளிவாகிவிடும்.