பதுங்குகுழிக்குள் ஆள் இருக்கிறாரா?

ஆங்கிலத்தின் ‘என்ட்ரெஞ்ச்’ என்ற வினைச்சொல்லை ‘வேரூன்றச் செய்தல்’ என்று எழுதிவிடுகிறோம். சாதியைப் பற்றியோ லஞ்சத்தைப் பற்றியோ பேசும்போது அது பொருந்தும். சட்டத்துக்கு வந்தால் சறுக்குகிறது. அந்தச் சொல்லுக்குள் இருப்பது வேரல்ல, போர்க்களத்துப் பதுங்குகுழி. வேர் தானாகப் பிடித்துக்கொள்ளும். குழிக்குள் ஆள் இருக்க வேண்டும். சாதாரணப் பெரும்பான்மை தொட முடியாதபடி ஓர் அரசியலமைப்புப் பிரிவுக்குக் காப்புப் போடுவதையே சட்டத்தில் இந்த வினை குறிக்கிறது. எதிராளியின் வேலை கடினமாகும், அவ்வளவுதான். நிரந்தரம் என்று நம்பியவர்கள் ஏமாந்திருக்கிறார்கள்.

இலங்கையின் சோல்பரி அரசியலமைப்பில் 29(2)ஆம் பிரிவு, மற்றவர்களுக்கு இல்லாத பாதகத்தை ஓர் இனத்தின் மீதோ மதத்தின் மீதோ சுமத்தும் சட்டம் செல்லாது என்றது. இந்தப் பாதுகாப்பு மாற்றவே இயலாதது என்று 1964இல் லண்டன் பிரிவி கவுன்சில் ஒரு தீர்ப்பில் குறிப்பிட்டது. அதற்குள் காரியம் முடிந்திருந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. பின்னாலேயே வாக்குரிமையும் போனது. சட்டத்தில் எந்த இனத்தின் பெயரும் இல்லை, தந்தையும் பாட்டனும் எங்கே பிறந்தார்கள் என்ற கேள்விதான் இருந்தது. அந்தச் சாமர்த்தியம் போதுமானதாக இருந்தது: கோடக்கன் பிள்ளை வழக்கில் இதே பிரிவி கவுன்சில் 1953இல் அதைச் செல்லும் என்றது. தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து அரசு ஊழியர் கோடீஸ்வரன் போட்ட வழக்கில் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அரசு ஊழியர் சம்பளத்துக்காக அரசின் மீது வழக்குத் தொடர முடியாது என்று சொல்லி, மேல்முறையீட்டில் மொழிப் பிரச்சினையைத் தொடாமலே தள்ளினார்கள். 1969இல் பிரிவி கவுன்சில் அதைத் தவறென்று சொல்லி, மொழிக் கேள்வியை இலங்கைக்கே திருப்பி அனுப்பியது. பதில் வருவதற்குள் 1972 வந்துவிட்டது. 29ஆம் பிரிவைத் திருத்தும் சிரமம்கூட யாருக்கும் வைக்காமல், அரசியல் நிர்ணய சபை முழு ஏட்டையே மாற்றிவிட்டது.

காப்பு போதிய பலமாக இல்லை, அதனால்தான் என்பார்கள். தென்னாப்பிரிக்காவில் அது பலமாகத்தான் இருந்தது. கலப்பினத்தவரின் கேப் வாக்குரிமையைப் பறித்த சட்டத்தை நீதிமன்றம் 1952இல் ரத்தும் செய்தது. 1955இல் அரசு செனட்டின் 48 இடங்களை 89 ஆக்கி, வேண்டிய மூன்றில் இரண்டு பங்கை உண்டாக்கிக்கொண்டது. இந்தியாவின் ‘அடிப்படைக் கட்டமைப்பு’ நிற்கவில்லையா என்ற கேள்விக்கு எடை அதிகம். ஆனால் அந்தச் சொற்றொடர் நம் அரசியலமைப்பில் எங்குமே எழுதப்படவில்லை. 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் 7–6 என்ற கணக்கில் நீதிபதிகள் நிறுவியது அது. நாடாளுமன்றத்தின் திருத்தும் அதிகாரத்துக்கு எல்லையே இல்லை என்று 1976இல் 42ஆவது திருத்தம் எழுதியது. 1980இல் மினர்வா மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வரிகளை அடித்துவிட்டது.