கம்ப்யூட்டரிலிருந்து வாடை வருகிறதா? ஊதுபத்தி ஏற்றும் முன் படியுங்கள்

புதிய கம்ப்யூட்டரை வீட்டில் வைத்து இயக்கத் தொடங்கிய முதல் சில நாட்களில், அதிலிருந்து ஒருவகை பிளாஸ்டிக் வாசனை வருவதை நீங்கள் கவனித்திருக்கலாம். உள்ளே உள்ள பிளாஸ்டிக் பாகங்களும், மதர்போர்டின் மேல் உள்ள பூச்சுகளும் முதன்முறையாகச் சூடாவதால் இது ஏற்படுகிறது. அறையின் ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும். சில நாட்களில் தானாக அடங்கிவிடும். இதற்காகக் கடைக்காரரிடம் ஓட வேண்டியதில்லை.

ஆனால், பல மாதங்கள் நன்றாக இயங்கிய கம்ப்யூட்டரில் திடீரென வாடை வந்தால் அது வேறு விஷயம். அப்போது பலரும் செய்வது ஒன்றுதான். பக்கத்தில் ஓர் ஊதுபத்தியை ஏற்றி வைப்பார்கள், அல்லது ரூம் ஸ்பிரே அடிப்பார்கள். எங்கள் வீட்டிலும் அதைத்தான் செய்தோம்.

2016ல் நான் பொறியியல் இரண்டாம் ஆண்டு படித்துக் கொண்டிருந்தேன். எங்கள் டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் இருந்த அறையில் ஒருநாள் கருவாட்டு வாடை அடித்தது. எங்கள் வீட்டில் மீன் சமைப்பதே கிடையாது. பீரோவுக்குப் பின்னால் எலி செத்துக் கிடக்கிறது என்றார் அம்மா. பீரோவை நகர்த்திப் பார்த்தோம், எலி இல்லை. அம்மா சாம்பிராணி போட்டார். வாடை மறைந்தது போலத் தெரிந்தது. மூன்றாம் நாள் மாலை "டப்" என்று ஒரு சத்தம். கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. பவர் சப்ளை எரிந்து, ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்துக் கெடுத்துவிட்டது. அதில் அக்காவின் திருமணப் படங்கள் இருந்தன. வேறு எங்கும் நகல் இல்லை. "இஞ்சினியரிங் படிக்கிறாயே, இதுகூடத் தெரியாதா?" என்று அக்கா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

எனவே, முதலில் வாடை எந்த வகை எனப் பார்க்க வேண்டும். மீன் அல்லது கருவாட்டு வாடை, பிளாஸ்டிக் கருகும் வாடை, வயர் தீயும் வாடை இவற்றில் எது வந்தாலும் ஏதோ ஒரு பாகம் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்று பொருள். மின்சாதனங்களில் உள்ள சில பிளாஸ்டிக்குகளும் பிசின்களும் சூடேறும்போது மீன் வாடைதான் தரும். பழுதான கெபாசிட்டரிலிருந்து கசியும் திரவமும் அப்படியே. உடனே கம்ப்யூட்டரை நிறுத்தி, சுவரில் உள்ள ஸ்விட்சையும் அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மெக்கானிக் பார்க்கும் வரை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டாம். "ஒரே ஒரு ஃபைலை மட்டும் காப்பி செய்துகொள்கிறேன்" என்ற ஆசையும் வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் இணைத்து அந்த ஃபைலை எடுத்துக் கொள்ளலாம்.

லேப்டாப்பில் நெயில் பாலிஷ் போன்ற இனிப்பு கலந்த வாடை வந்தாலோ, டச் பேட் அல்லது அடிப்பகுதி உப்பியிருந்தாலோ பேட்டரியில் கோளாறு இருக்கலாம். சார்ஜ் செய்வதை உடனே நிறுத்த வேண்டும். உப்பிய பேட்டரியை அழுத்துவது, ஊசியால் குத்துவது எல்லாம் தீ விபத்தில்தான் முடியும்.

இவை இரண்டும் இல்லாமல், லேசாகப் புழுதி கருகுவது போன்ற வாடை வந்தால் அது பெரும்பாலும் தூசி. இதை நாமே சரி செய்யலாம். கேபினட்டில் உள்ள மின்விசிறிகள் நாள் முழுக்க அறைக் காற்றை உள்ளே இழுக்கின்றன. காற்றோடு வரும் தூசி, தலைமுடி, பஞ்சு எல்லாம் பிராசசரின் மேல் உள்ள ஹீட் சிங்க்கில் படிந்து கம்பளி போலப் போர்த்திவிடும். சமையலறைக்குப் பக்கத்து அறை என்றால் தாளிக்கும் எண்ணெய்ப் புகையும் சேர்ந்து பிசுபிசுப்பாகிவிடும். ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவர்த்திப் புகையும் இதே வேலையைத்தான் செய்யும். அதாவது, வாடையைப் போக்க நாம் ஏற்றுவது வாடைக்கான காரணத்தை வளர்க்கிறது!

சுத்தம் செய்ய வீட்டில் இருப்பதே போதும். புதிய பெயிண்ட் பிரஷ் ஒன்று, கேமரா லென்ஸில் தூசி ஊதப் பயன்படும் ரப்பர் பல்பு ஒன்று, மூக்கைக் கட்ட ஒரு கைக்குட்டை. பிளக்கைப் பிடுங்கிய பின் பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். மதர்போர்டில் மிச்சமிருக்கும் மின்சாரம் வெளியேறும். கேபினட்டைத் திறந்ததும் அதன் உலோகப் பகுதியைக் கையால் தொடுங்கள். நம் உடலில் உள்ள நிலைமின்சாரம் பாகங்களைத் தாக்காமல் இருக்கத்தான் இது. பின்னர் மின்விசிறியின் இறக்கை சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு தூசியை மெதுவாகத் தட்டி வெளியே ஊதவும். வாயால் ஊத வேண்டாம், எச்சில் தெறிக்கும். வாக்குவம் கிளீனரின் குழாயை போர்டுக்கு அருகே கொண்டு செல்வதும் சரியல்ல. அதில் நிலைமின்சாரம் உண்டாகும். பவர் சப்ளையாகிய எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டர்களில் ஆளைத் தூக்கியடிக்கும் அளவு மின்சாரம் இருக்கக்கூடும். வெளியிலிருந்து பிரஷால் துடைத்தால் போதும்.

கீபோர்டுக்கு வருவோம். நம்மில் பலர் மிக்ஸர் கொறித்துக்கொண்டேதான் டைப் செய்கிறோம். அந்தத் துகள்கள் ஈரம் சேர்ந்து வாடை அடிக்கும், எறும்பும் வரும். கம்ப்யூட்டரை நிறுத்தி, கீபோர்டின் இணைப்பைக் கழற்றித் தலைகீழாகத் தட்டினாலே பாதி கொட்டிவிடும். டெஸ்க்டாப் கீபோர்டு என்றால் முதலில் மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, கீகளின் மூடிகளை மட்டும் கழற்றி, பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் ஊற வைத்துக் கழுவலாம். ஒரு நாள் முழுவதும் உலர்ந்த பிறகே மாட்டுங்கள். லேப்டாப் கீகளைக் கழற்ற முயல வேண்டாம். அவற்றின் கொக்கிகள் எளிதில் உடையும். கீபோர்டை அப்படியே டிஷ்வாஷரில் போட்டு எடுத்து, "இயங்குகிறது பாருங்கள்" என்று காட்டியவர்கள் உண்டு. டிஷ்வாஷர் உள்ள வாசகர்கள் தயவுசெய்து அந்தச் சோதனையில் இறங்க வேண்டாம். அதன் சூட்டிலும் காரமான பவுடரிலும் தப்பிப் பிழைப்பது அதிர்ஷ்டம்தான்.

வினிகரும் சமையல் சோடாவும் பயன்படுமா என்று அலுவலகத்தில் நண்பர்கள் கேட்பதுண்டு. கேபினட்டிற்குள் இரண்டிற்குமே வேலை இல்லை. வினிகர் ஓர் அமிலம். உலோக முனைகளை அரிக்கும். சோடா மாவைக் கிண்ணத்தில் வைத்தால் மின்விசிறி அதையும் இழுத்துப் பரப்பிவிடும். ஆனால் வெளியே இரண்டும் உதவும். மழைக்காலத்தில் நனைந்து முடை நாற்றம் அடிக்கும் லேப்டாப் பையை நன்றாக வெயிலில் காய வைத்து, சோடா மாவு வைத்த கிண்ணத்தை ஓர் இரவு அதற்குள் வையுங்கள். லேப்டாப்பை வெளியே எடுத்துவிட்டு, என்று சொல்லவும் வேண்டுமா!

வினிகருக்கு வேலை வருவது வயர்லெஸ் மவுஸில். மறந்துபோய் உள்ளேயே விட்ட அல்கலைன் பேட்டரி கசிந்து வெள்ளையாகப் பூத்திருக்கும். இது காரத்தன்மை உடையது. தோலில் பட்டால் எரியும். கையுறை அணிந்து, காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்தால் கரைந்துவிடும். பின்னர் நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் துடைத்து நன்றாக உலர விடவும். சாதாரண விலை குறைந்த கார்பன் பேட்டரியின் கசிவோ அமிலத்தன்மை கொண்டது. அதற்கு வினிகர் கூடாது. நீரில் குழைத்த சமையல் சோடாதான் ஏற்றது. துடைக்கும் முன் பேட்டரியின் மேலுறையைப் படித்துப் பாருங்கள்.

கரப்பான் வராமல் இருக்கச் சிலர் கேபினட்டிற்குள் நாப்தலீன் உருண்டை போடுகிறார்கள். அதன் ஆவி சிலவகை பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும், தீப்பற்றவும் கூடியது. அதற்குப் பதிலாக, கேபினட்டின் பின்பக்கம் கார்டுகள் இல்லாமல் திறந்து கிடக்கும் இடைவெளிகளை மூடும் தகடுகளை வாங்கிப் பொருத்துங்கள். பல்லி நுழைவதும் நிற்கும்.

ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டரைத் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைப்பவர்கள் கேபினட்டின் முன்பக்கம், காற்றோட்டத் துளைகள் இல்லாத இடமாகப் பார்த்து வையுங்கள். மானிட்டர் திரையில் வேண்டாம். கற்பூர ஆரத்தி காட்டும் அந்தப் பத்து நிமிடம் கம்ப்யூட்டரை நிறுத்தி வைத்தால், புகை உள்ளே இழுக்கப்படாது.