அரகொண்டாவிலிருந்து கிளம்பும் ஸ்கேன்

சித்தூர் மாவட்டத்து அரகொண்டா, அப்போலோ மருத்துவமனையை நிறுவிய டாக்டர் பிரதாப் சி. ரெட்டியின் சொந்த ஊர். 2000 மார்ச் 24 அன்று ஐதராபாத்துக்கு வந்திருந்த அமெரிக்க அதிபர் பில் கிளின்டன், அங்கிருந்தபடியே இந்தக் கிராமத்து மருத்துவமனையின் டெலிமெடிசின் வசதியைத் தொடங்கி வைத்தார். இங்கே எடுக்கும் ஸ்கேனைச் செயற்கைக்கோள் வழியாகப் பெருநகர நிபுணர் பார்க்கலாம் என்பது அன்று பெரிய செய்தி.

ஆனால் மருத்துவப் படம் கனமானது. சி.டி. ஸ்கேனின் ஒரு சிலைஸில், அதாவது ஒரு குறுக்குவெட்டுப் படத்தில், 512 வரிசை, வரிசைக்கு 512 புள்ளிகள்; புள்ளிக்கு 2 பைட். மொத்தம் அரை எம்.பி. அந்தக் காலத்து 64 கிலோபிட் இணைப்பில் இது போய்ச் சேர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். தலை ஸ்கேனில் 30 சிலைஸ் இருந்தால் அரை மணி நேரம் போய்விடும். 8 எம்.பி. அளவுள்ள நெஞ்சு எக்ஸ்ரேக்கு 17 நிமிடம். ரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதில் அரை மணி என்பது சின்ன இழப்பல்ல.

போதாக்குறைக்கு, செயற்கைக்கோள் நிற்பது சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில். அனுப்பியது கிடைத்ததா என்று கேட்டுப் பதில் வரவே அரை விநாடி பிடிக்கும். ஒவ்வொரு தவணைக்கும் அப்படிக் காத்திருந்தால் வேகமான இணைப்பும் மந்தமாகிவிடும்.

அப்படியானால் படத்தைச் சுருக்கி அனுப்பலாமே? தரம் குறையாமல் சுருக்கினால் பாதியாகவோ மூன்றில் ஒரு பங்காகவோ குறையும். அதற்கு மேல் போனால் விவரம் சிதையத் தொடங்கும்.

இன்று பலரும் செய்வது, எக்ஸ்ரே, சி.டி. பிலிமை வெளிச்சத்தில் பிடித்து, செல்போனில் படமெடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்புவது. அவசரத்துக்கு உதவும்தான், அதை நம்பி நோயைத் தீர்மானிப்பது ஆபத்து. மூல சி.டி. படத்தில் சாம்பல் நிறத்துக்கு 4,096 படிகள் உண்டு. செல்போன் படத்தில் 256தான். மூளைக்கு ஏற்ற வெளிச்சம், எலும்புக்கு ஏற்ற வெளிச்சம் என்று மருத்துவர் மாற்றி மாற்றிப் பார்க்க மூலக் கோப்புதான் வேண்டும். அந்தக் கோப்பு வடிவத்தின் பெயர் டைகாம். 1993-ல் வெளியான இதுவே இன்று உலகம் முழுக்க வழக்கம். நோயாளியின் பெயர், வயது, ஸ்கேன் எடுத்த நேரம் எல்லாம் படத்தோடேயே பயணிப்பதால் ஆள் மாறாட்டத்துக்கு இடம் குறைவு. அதே காரணத்தால், பூட்டுப் போடாமல் அனுப்பினால் அந்தரங்கமும் சேர்ந்தே வெளியே போகும்.

இப்போது ஒரே ஸ்கேனில் மெல்லிய சிலைஸ்கள் 500 கூட வருகின்றன; சுமார் 250 எம்.பி. பைபர் இணைப்பு வாங்கும் சிறிய ஸ்கேன் மையங்கள் விளம்பரத்திலுள்ள டவுன்லோடு வேகத்தைப் பார்த்துவிடுகின்றன. படம் இங்கிருந்துதானே போக வேண்டும்? கேட்க வேண்டியது அப்லோடு வேகம். அது 10 மெகாபிட் இருந்தால் இந்த 250 எம்.பி.யும் மூன்றரை நிமிடத்தில் போய்விடும்.