மருந்து ஊற்றாமல் விட்ட ஆடுகள்

செம்மறி ஆட்டின் நான்காவது இரைப்பையில் குடியிருக்கும் ஹீமாங்கஸ் புழு இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளம்தான். ஒரு புழு நாளொன்றுக்கு 0.05 மில்லி ரத்தம் உறிஞ்சும். ஐயாயிரம் புழுக்கள் சேர்ந்தால் தினமும் கால் லிட்டர் போய்விடும். ஆடு வெளுக்கும், தாடைக்கடியில் நீர் கோத்துக்கொள்ளும், பிறகு ஒருநாள் சுருண்டு விழும். பெண் புழு ஒரே நாளில் 5,000 முதல் 10,000 முட்டை வரை இடும். புழுக்கையோடு நிலத்தில் விழும் முட்டைகள் பொரிந்து, இளம்புழுக்கள் புல்லில் ஏறி, மேய வரும் ஆட்டுக்குள் புகுந்துவிடும்.

1961இல் தயாபெண்டசோல் என்ற புழுநீக்க மருந்து வந்தபோது கதை முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள். 1964இலேயே அதற்கு அடங்காத புழுக்கள் அமெரிக்காவில் தென்பட்டன. 1980களில் ஐவர்மெக்டின் வந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தென்னாப்பிரிக்காவில் அதுவும் தோற்றது. நியூசிலாந்தில் 2009இல் விற்பனைக்கு வந்த மோனெபான்டெலுக்குக் கிடைத்தது நான்கே ஆண்டு.

புழு மருந்துக்குப் பழகிக்கொள்வதில்லை. இத்தனை கோடி முட்டைகளில் சிலவற்றின் மரபணுவில் பிறவியிலேயே சிறு மாற்றம் இருக்கும். தயாபெண்டசோல் பற்றிக்கொள்ளும் புரதத்தில், 200ஆம் இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினால் போதும், மருந்துக்குப் பிடி கிடைக்காது. மற்றவை செத்தொழிய, இவை மட்டும் பெருகும்.

இதற்கு மனிதரும் துணைபோனார்கள். மந்தை முழுவதுக்கும் மருந்து ஊற்றி, உடனே புழுவில்லாத புதிய மேய்ச்சல் நிலத்துக்கு ஓட்டச் சொன்னார்கள் வல்லுநர்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் மருந்தில் சாகாத புழுக்கள் மட்டுமே ஆட்டோடு அங்கே போய்ச் சேர்ந்தன. புது நிலம் முழுக்க அவற்றின் வாரிசுகள்தான்.

மந்தையின் பெரும்பாலான புழுக்கள் சில ஆடுகளிலேயே குவிந்திருக்கும். இதைத் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஃபமாச்சா என்ற அவர்களுடைய அட்டையில் ஐந்து நிறங்கள், சிவப்பிலிருந்து வெளுப்பு வரை. ஆட்டின் கீழிமையை இழுத்து உட்புற நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து. மற்றவற்றின் வயிற்றில் மருந்துக்குச் சாகக்கூடிய புழுக்கள் தங்கி, முட்டையிட்டு, எதிர்ப்புள்ளவற்றோடு கலந்து அவற்றின் பங்கைக் குறைக்கும். புழுவை ஒழிக்கவே புழுவைக் காப்பாற்றி வைக்கும் விசித்திர ஏற்பாடு!

ரத்தம் குடிக்காத புழுக்களிடம் இந்த அட்டை செல்லாது. பெரிய பண்ணைகளில் இமை பார்க்க ஆள் கிடைப்பதும் பாடு. 2014இல் ஆஸ்திரேலியாவில் ஹீமாங்கஸுக்குத் தடுப்பூசி வந்தது. அதற்கான புரதம் புழுவின் குடலிலிருந்தே எடுக்கப்படுகிறது. ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கிய புரதம் சரியாக வேலை செய்யாததால், தடுப்பூசிக்காகவே ஆடுகளுக்குள் புழு வளர்க்கிறார்கள்.