தண்ணீர் மீட்டர் வைத்தால் காசு மிச்சமாகுமா? தென்னேரி குழாயடியில் ஒரு கணக்கு!

காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று தென்னேரி ஏரி. ஏரியின் பேரே ஊருக்கும் பேர். இதே மாவட்டத்து உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள், ஏரியைக் கவனிக்கவென்றே 'ஏரி வாரியம்' என்ற குழு இருந்ததைச் சொல்கின்றன. தண்ணீருக்குப் பொறுப்பு வைத்துப் பார்த்துக்கொள்வது இந்தப் பக்கத்துக்கு ஆயிரம் வருடப் பழக்கம்.

ஆனால், இன்று வீட்டுக்கு வரும் குழாய்த் தண்ணீருக்குக் கணக்கு கிடையாது. நம் கிராமங்களில் ஊராட்சிக் குழாய்க்குப் பொதுவாக மாதம் ஒரே தொகைதான். வயதான தம்பதி இரண்டு குடம் பிடித்தாலும், பக்கத்து வீட்டில் எட்டு பேர் தொட்டி நிரப்பினாலும் ரசீதில் ஒரே எண். 'கரன்ட்டுக்கு மீட்டர் இருக்கிற மாதிரி தண்ணிக்கும் வெச்சா, கம்மியா செலவு பண்றவங்களுக்கு காசு மிச்சமாகுமே?' என்று தோன்றுவது நியாயம்தான். கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை வேறு மாதிரி வருகிறது.

பக்கத்தில் இருக்கும் சென்னையையே எடுத்துக்கொள்வோம். குடிநீர் வாரியம் பல ஆண்டுகள் வைத்திருந்த பழைய கட்டணம் இது (இப்போது தொகை கூடிவிட்டது). மீட்டர் இல்லாத வீட்டுக்கு மாதம் 50 ரூபாய். மீட்டர் இருந்தால் முதல் 10,000 லிட்டர் வரை ஆயிரத்துக்கு இரண்டரை ரூபாய், அடுத்த 5,000 லிட்டருக்கு ஆயிரத்துக்கு 10 ரூபாய், அதற்குமேல் 25,000 லிட்டர் வரை 15 ரூபாய்.

நகரத்தில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசு வைத்திருக்கும் அளவு. நான்கு பேர் வீட்டுக்கு மாதம் 16,200 லிட்டர். மீட்டர் கணக்கில் 25, 50, 18 எனக் கூட்டினால் 93 ரூபாய். மீட்டர் இல்லாத பக்கத்து வீட்டுக்கு 50 ரூபாய்!

சரி, சிக்கனமாக இருந்தால்? ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஓர் ஆளுக்கு வைத்திருப்பது 55 லிட்டர். அதே நான்கு பேருக்கு மாதம் 6,600 லிட்டர். மீட்டர் விலையில் பதினாறரை ரூபாய்தான். ஆனால் குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒன்று உண்டு. அதுவும் 50 ரூபாய். ஆக, 12,500 லிட்டருக்குள் இருந்தால் மீட்டர் வைத்தும் வைக்காமலும் ஒரே பில். தாண்டினால் மீட்டர்காரருக்கு நஷ்டம். இப்படி ஒரு அட்டவணையைப் பார்த்து யார் ஆசைப்பட்டு மீட்டர் வைப்பார்கள்?

டெல்லியில் கதை தலைகீழ். 2015-ல் அங்கே மீட்டர் உள்ள வீடுகளுக்கு மாதம் 20,000 லிட்டர் இலவசம் என்று அறிவித்தார்கள். நம் 16,200 லிட்டர் குடும்பம் அங்கே இருந்தால் பில் பூஜ்யம். ஆனால், 20,000-ஐத் தாண்டினால் மொத்தத் தண்ணீருக்கும் காசு கட்ட வேண்டும். இங்கிலாந்தில் பொதுவாகச் சொல்லும் யோசனை இன்னும் வேடிக்கை: வீட்டில் ஆட்களைவிடப் படுக்கையறைகள் அதிகமாக இருந்தால் மீட்டருக்கு மாறிப் பாருங்கள் என்பார்கள். ஒரே ஹாலில் ஆறு பேர் பாய் விரிக்கும் வீடுகளுக்கு அந்த யோசனை உதவாது.

மீட்டர் என்பது வெறும் அளவுகோல். மிச்சமா நஷ்டமா என்பதை அதன் பின்னால் இருக்கும் கட்டண அட்டவணைதான் முடிவு செய்கிறது.

ஒழுகும் குழாயும் கேன் தண்ணீரும்

நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாய் நாளொன்றுக்கு ஏறக்குறைய 20 லிட்டரை வீணாக்கும். மாதம் 600 லிட்டர். மேலே சொன்ன முதல் படி விலையில் அதன் மதிப்பு ஒன்றரை ரூபாய். வாஷர் வாங்கிவரும் செலவுகூட அதைவிட அதிகம். தண்ணீர் இவ்வளவு மலிவாக இருக்கும்வரை மீட்டரைப் பார்த்துப் பயந்து யாரும் குழாயை இறுக்கப் போவதில்லை.

அதே வீட்டின் மூலையில் நிற்கும் கேனைப் பாருங்கள். 20 லிட்டர் 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் லிட்டர் 1,500 ரூபாய். வாரம் இரண்டு கேன் வாங்கினாலே மாதம் 250 ரூபாய் போகிறது. உண்மையான செலவு இங்கேதான். ஒடிசாவின் பூரி நகரத்தில் 2021 ஜூலையில், குழாயிலேயே நேராகக் குடிக்கலாம் என்ற திட்டத்தை மீட்டரோடு சேர்த்துக் கொண்டுவந்தார்கள். கேன் வாங்குவது நின்றால், மீட்டர் பில் கொஞ்சம் கூடினாலும் குடும்பத்துக்கு லாபம்தான்.

கிணறோ போரோ உள்ள வீடுகளுக்கு இன்னொரு விஷயம். குழாய்க்கு மீட்டர் வந்தால் கை தானாக மோட்டார் சுவிட்சுக்குப் போகும். ஒரு எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட். தண்ணீர் பில்லில் குறைவது கரன்ட் பில்லில் ஏறும்.

அப்படியானால் கிராமத்துக்கு மீட்டரே வேண்டாமா? தெருக்கோடி வீட்டுக்காரர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். முன்வீட்டில் குழாயிலேயே மோட்டார் போட்டு உறிஞ்சினால் கடைசி வீட்டுக்கு வருவது காற்றுதான். இருவரும் கட்டுவது ஒரே தொகை. மீட்டரால் இவர்களுக்குக் காசு மிச்சமாகாது, ஆனால் தண்ணீர் கிடைக்க வழி பிறக்கலாம். அதற்கு வீட்டுக்கு வீடு மீட்டர்கூட வேண்டியதில்லை. மேல்நிலைத் தொட்டியிலும் ஒவ்வொரு தெருவின் தொடக்கத்திலும் ஒன்று வைத்தாலே எந்தத் தெரு எவ்வளவு எடுக்கிறது, எங்கே கசிகிறது என்பது தெரிந்துவிடும். மோட்டார் ஓடும் கரன்ட் செலவில் ஊராட்சிக்கும் மிச்சம்.

ஒருவேளை வீட்டு மீட்டரே வந்தால், வாங்கும் செலவும் ரிப்பேர் செலவும் யாருடையது, குறைந்தபட்சக் கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் தண்ணீர் விடும் ஊரில், குழாயில் முதலில் வரும் காற்றும் மீட்டரைச் சுற்றிவிடும். அந்தக் காற்றுக்கும் பில் வருமா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாட்களில் மார்ச் 22, உலகத் தண்ணீர் தினமும் ஒன்று.